இழுக்கும் மூச்சுக்குப் பால் எதற்கு?

“ஏதோ ஆசை நிக்குது, அதான் இழுத்துக்கிட்டுக் கெடக்கு.” காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடானாலும் மாட வீதி வீடானாலும், புற்றுநோயாளியின் மூச்சு கரகரக்கத் தொடங்கியதும் யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லிவிடுகிறார். மகன், மகள், பேரன் என்று வரிசையாகப் பால் ஊற்றுகிறார்கள். அடங்கவில்லையா? காசை உரசிய தண்ணீர், மண்ணைக் கரைத்த தண்ணீர். இந்த நம்பிக்கை பொய் மட்டுமல்ல, கொடுமையும்கூட.

நினைவு மங்கும்போது விழுங்கும் திறன் போய்விடுகிறது. எச்சிலும் சளியும் தொண்டையில் தேங்க, அதன் வழியே காற்று போய்வரும் ஓசைதான் அந்தக் கரகரப்பு. கேட்கும் நமக்குத்தான் பதறுகிறது. நினைவிழந்தவர் பெரும்பாலும் அதை உணர்வதில்லை. மூச்சு ஏறி, மெலிந்து, சற்று நேரம் நின்று, மறுபடி எழுவதும் உண்டு. 1818இல் ஜான் செயினும் 1854இல் வில்லியம் ஸ்டோக்ஸும் விவரித்த மூச்சு இது. ரத்தத்தில் கரியமில வாயு கூடுவதும் குறைவதும் மூளைக்குத் தாமதமாக எட்டுவது இதற்கு ஒரு காரணம். யாருடைய வரவுக்காகவும் உயிர் காத்துக் கிடக்கவில்லை.

“பால் ஊத்தினோம், அடங்கிடுச்சு” என்பார்கள். ஜப்பானில் 100 புற்றுநோயாளிகளைக் கடைசிவரை கவனித்து 1998இல் வெளியான ஆய்வில், கரகரப்பு கேட்டவர்களில் பாதிப் பேர் ஏறத்தாழ 23 மணி நேரத்துக்குள் இறந்தார்கள். தாடை அசைய மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகோ இரண்டரை மணி நேரம்தான். ஊற்றாவிட்டாலும் அடங்கியிருக்கும். ஊற்றிய பால் மூச்சுக்குழலுக்குள் இறங்கித் திணறடிக்கும். அதன் பிறகும் இந்த நம்பிக்கை வீட்டை விடுவதில்லை. எந்த ஆசையைத் தீர்க்காமல் விட்டோம் என்று மனைவி ஆண்டுக்கணக்கில் தன்னையே குடைந்துகொள்கிறாள். இல்லாத குற்றத்தை அவள் தலையில் ஏற்ற யாருக்கு உரிமை இருக்கிறது?

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலையைச் சற்று உயர்த்துங்கள். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடையுங்கள். சடங்கு விடக் கூடாதென்றால் பாலை உதட்டில் தொட்டு வைத்தால் போதும். புதிதாகச் சளி சுரப்பதைக் குறைக்க கிளைக்கோபைரோலேட் போன்ற ஊசி மருந்து உண்டு.

1969 பிப்ரவரி 3 அன்று அண்ணாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஊர் காஞ்சிபுரம். காரப்பேட்டையில் அவர் பெயரிலேயே புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று எந்த மருத்துவர் சொன்னாலும், மூச்சு எப்படி மாறும், அப்போது யாரைக் கூப்பிடுவது என்று கேட்காமல் கிளம்பாதீர்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் வலிநிவாரணச் சேவையும் உண்டு. பெரியவர் பால் கேட்பதற்கு முன்பே அந்தச் சேவையின் செவிலியரை வரவழைத்துவிடுங்கள்.