பாட்டால் அறிவோம் பெண்பாற் புலவரை

கிரேக்க நாட்டின் லெஸ்போசுத் தீவில் கி.மு. 600ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்தவர் சாப்போ என்னும் பெண்பாற் புலவர். அவர் பாடல்களுள் பெரும்பகுதி அழிந்துபட்டது. எகிப்தில் கிடைத்த பாப்பிரசுச் சுவடிகளிலிருந்து அவருடைய வரிகள் சிறிது சிறிதாக மீட்கப்படுகின்றன. முதுமையைப் பற்றிய பாடலொன்றின் வரிகள் 2004ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஆயினும், காதல் நிறைவேறாமல் பாறையிலிருந்து கடலில் குதித்தார் என்னும் கட்டுக்கதை, அவர் பாட்டினும் மிகுதியாகப் பரவிற்று.

நம் ஔவையாருக்கும் இந்நிலையே நேர்ந்தது. ஔவை என்றவுடன் கோலூன்றிய மூதாட்டியே நம் நினைவுக்கு வருகிறார். 1953இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்து வெளிவந்த திரைப்படம் அவ்வுருவை மேலும் நிலைபெறச் செய்தது. ஆத்திசூடி பாடிய ஔவையார் பிற்காலத்தவர். சங்க கால ஔவையாரோ வேறொருவர். அவர் பாடியனவாக 59 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 26 அகப்பாடல்கள். அதியமானின் தூதராகச் சென்று, நம் திருக்கழுக்குன்றத்தைத் தன்னகத்தே கொண்ட தொண்டைநாட்டின் மன்னன் தொண்டைமானைக் கண்டவர் அவர். பீலி அணிந்து, நெய் பூசப்பெற்றுக் காவலில் இருக்கும் தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வார்போல் புகழ்ந்து, போரில் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் வேல்களை நினைவூட்டினார். புறநானூற்றின் 95ஆம் பாடல் இதனைக் காட்டும். இத்துணை நுட்பமான அரசியல் அறிவை வெறும் மூதுரைக்குள் அடக்கிவிடல் முறையாகுமா?

சங்கப் பெண்பாற் புலவர் ஒருவரையொருவர் போற்றிய பாங்கும் ஈண்டு எண்ணத்தக்கது. காணாமற்போன தலைவனை விழாக்களிலும் ஆடுகளங்களிலும் தேடியதைக் குறுந்தொகையில் பாடினார் ஆதிமந்தியார். அவரைப் போலத் தாமும் அலமருவதாக அகநானூற்றின் 45ஆம் பாடலில் உரைத்தார் வெள்ளிவீதியார். அவ்வெள்ளிவீதியைப் போலச் செல்லத் துணிவதாக அந்நூலின் 147ஆம் பாடலில் மொழிந்தார் ஔவையார். ஒரு பெண்ணின் துயரம் மற்றொருத்திக்கு உவமையாயிற்று; அதனால் அவள் பெயரும் அழியாதாயிற்று.

இம்மரபு அறுபடாதிருத்தல் நம் கையில் உள்ளது. வகுப்பறையில் பாடலை விளக்கும்போது பாடியவர் பெயரையும் சேர்த்தே சொல்வோம். மாணவியர் கதைகளோடு நில்லாது, குறுந்தொகையையும் அகநானூற்றையும் விரித்துப் படித்தல் வேண்டும். தமக்கு முன்னே பாடிய பெண்களின் பெயரை அறிந்த பெண், தன் சொல்லையும் துணிந்து எழுதுவாள் என்பது நம் கருத்து.