எதிர்வரிசையில் ஒரு ஜிம் திறந்தால்



சுனாபட்டி என்றால் சுண்ணாம்புக் காளவாய் என்று பொருள். அந்தக் காளவாய்களை நம்மில் எவரும் கண்டதில்லை. அதன்பின் அநேகக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது சுவதேசி மில். ஜம்ஷெட்ஜி டாடா 1886இல் வாங்கி நடத்திய அந்த ஆலை 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் தொழிலாளர் நிலுவைத் தொகைக்காக நெடுங்காலம் நீதிமன்றப் படி ஏறினார்கள். இன்று இதே பகுதியிலும், தாராவியிலும், செம்பூரிலும் நம் பிள்ளைகளில் சிலர் வாடகைக்கு ஒரு கூடம் எடுத்து ஜிம் நடத்துகிறார்கள். தாயின் நகை அடகில் இருக்கிறது. இயந்திரங்கள் தவணையில் இருக்கின்றன. விசுவாசிக்கு இது ஏற்ற தொழிலா என்று கேட்கும் மூத்தவர்கள், பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை எடுத்துக் காட்டுவார்கள். அந்த விவாதத்தை வேறொரு மாதம் வைத்துக்கொள்வோம். இந்த மாதம் ஜிம் வைத்திருக்கும் தம்பிமாரோடும், அவர்களுடைய கணக்கைச் சுமக்கும் வீட்டாரோடும் பேச விரும்புகிறேன்.

எதிர்வரிசையில் கண்ணாடிச் சுவரும் குளிர்சாதனமும் கொண்ட ஒரு பெரிய ஜிம் திறக்கப்படுகிறது. வாசலில் பலகை: வருடத்துக்கு இவ்வளவுதான், இன்றே சேருங்கள். அன்று இரவு உங்களுக்கு உறக்கம் வருவதில்லை. மறுநாள் நீங்களும் ஒரு பலகை எழுதி மாட்டுகிறீர்கள், அதைவிடக் குறைந்த தொகைக்கு. இந்த இரண்டாவது பலகையைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் 100 பேர் வருகிறார்கள், மாதக் கட்டணம் 600 ரூபாய், வரவு 60,000. கூட வாடகை 25,000, மின்சாரம் 6,000, பயிற்சியாளர் சம்பளம் 12,000, இயந்திரத் தவணை 9,000 என்று செலவு 52,000. மீதி 8,000 ரூபாய். குறைவுதான்; ஆனாலும் வண்டி ஓடுகிறது. இப்பொழுது ஜனவரி மாதத்தில் வருடத்துக்கு 4,000 என்று பலகை வைக்கிறீர்கள். 60 பேர் மகிழ்ச்சியோடு கட்டிவிடுகிறார்கள். கையில் 2,40,000 ரூபாய்! வீட்டில் ஸ்தோத்திரம் சொல்லுகிறார்கள். ஆனால் மீதியிருக்கும் 40 பேரிடமிருந்து மாதம் 24,000தான் வரும். செலவுக்கு மாதந்தோறும் 28,000 குறைகிறது. அந்த 2,40,000 எட்டு மாதம் தாங்கும். ஒன்பதாம் மாதத்தின் நடுவில் தீர்ந்துபோகும். அதில் உங்கள் குடும்பம் ஒரு ரூபாய்கூட எடுத்துச் சாப்பிடவில்லை என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு. செப்டம்பரில் பெட்டி காலி; டிசம்பர் வரை வருவதற்கு 60 பேருக்கு உரிமை இருக்கிறது. ஜனவரியில் வந்த பணத்தில் புதிய டிரெட்மில் வாங்கியிருந்தால் இன்னும் முன்னதாகவே முட்டிக்கொள்வீர்கள்.

முன்பணமாக வாங்கிய வருடக் கட்டணம் சம்பாத்தியம் அல்ல, அது கடன். வங்கிக் கடனுக்கு வட்டி உண்டு, இதற்கு வட்டி இல்லை என்பதனால் அது கடனாகத் தோன்றுவதில்லை. ஆனால் கடன் கொடுத்தவர்கள் யார்? உங்கள் சந்திலுள்ள ஆட்டோ ஓட்டுநர், உங்கள் சபையிலுள்ள வாலிபன், இட்லிக் கடை அண்ணாச்சியின் மகன்.

பெரியவர்களுக்கு இது நேராது என்று எண்ண வேண்டாம். மும்பையிலே 1932இல் தொடங்கிய தல்வால்கர்ஸ், நாடெங்கும் கிளை பரப்பி, 2010இல் பங்குச் சந்தைக்கும் வந்தது. 2019இல் கடன்காரருக்குச் செலுத்த வேண்டிய தொகையைச் செலுத்த இயலாமல் நின்றது, கிளைகள் மூடப்பட்டன. ஜோ கோல்டு 1965இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கோல்ட்ஸ் ஜிம், 2020 மே மாதத்தில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு, அதே வருடத்தில் ஒரு ஜெர்மானிய நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. இந்தியாவில் அதன் தொழிலை 2022இல் பெங்களூரின் கல்ட்ஃபிட் வாங்கிக்கொண்டது. கொரோனா நாட்களை நீங்களே அறிவீர்கள். 2020 மார்ச்சில் பூட்டிய ஜிம்களை மகாராஷ்டிராவில் அக்டோபர் 25 அன்றுதான் திறக்க விட்டார்கள். அடுத்த ஏப்ரலில் மறுபடியும் பூட்டு. அந்த நாட்களில், மாதக் கட்டணம் மட்டும் வாங்கியிருந்தவனுக்கு வருமானம் நின்றது. வருடக் கட்டணம் வாங்கியிருந்தவனுக்கோ வருமானமும் நின்றது, திருப்பிக் கேட்பவர்களும் வாசலில் நின்றார்கள்.

அப்படியானால் பெரிய ஜிம் எப்படித்தான் அவ்வளவு குறைத்துக் கொடுக்கிறது? பணம் கட்டிவிட்டு வராமலிருப்பவர்கள் அதற்கு உதவுகிறார்கள். 2006இல் டெல்லவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சி மன்றங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினரின் வருகைப் பதிவை ஆராய்ந்து எழுதினார்கள். மாதத்துக்கு 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் 4 முறை சொச்சம்தான் வந்தார்கள். ஒருமுறை வருவதற்கு 17 டாலர் ஆயிற்று. பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் 10 டாலரில் முடிந்திருக்கும். எல்லாரும் ஒரே நாளில் வந்தால் இடம் கொள்ளாத அளவுக்கு ஆட்களைச் சேர்க்கலாம். வரமாட்டார்கள் என்று தெரியும். ஆயிரம் பேரைச் சேர்க்கும் இடத்தில் இந்தக் கணக்கு பலிக்கும். நூறு பேரை நம்பியிருக்கும் உங்களுக்கு, இரண்டு வாரம் வராதவன் அடுத்த மாதம் கட்டணம் கட்டாதவன். அவர்கள் வராதவனால் பிழைக்கிறார்கள். நீங்கள் வருகிறவனால் பிழைக்கிறீர்கள். தொழில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வழி வேறு. ஆகவே அவர்களுடைய பலகையைப் பார்த்து உங்கள் விலையை எழுதுவது வீண்.

உங்களிடம் வரக்கூடியவர்களையே எண்ணிப் பாருங்கள். இரவு வேலை முடிந்து காலை ஆறு மணிக்குச் சுனாபட்டி நிலையத்தில் இறங்கும் பையன். சர்க்கரை நோய் கண்டு, நடக்கும்படி மருத்துவர் சொல்லியும், நடக்கப் பாதையில்லாத சந்தில் குடியிருக்கும் அம்மா. உரத்த பாட்டும் இந்தியும் ஆங்கிலமும் முழங்கும் கூடத்துக்குள் நுழையக் கூசுகிற அக்கா. காலைக் கூட்டம் போனபின் பதினொரு மணி முதல் மாலை வரை உங்கள் கூடம் வெறுமையாகக் கிடக்கிறதே, அதற்கும் சேர்த்துத்தானே வாடகை கொடுக்கிறீர்கள்? அந்த நேரத்தில் ஒரு பெண் பயிற்சியாளரை வைத்துப் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினால் என்ன? பெரிய ஜிம் இந்த அம்மாவைத் தேடி வராது.

தாதரில் சிவாஜி பூங்காவின் ஓரத்திலுள்ள ஸ்ரீ சமர்த்த வியாயாம் மந்திர் 1925இல் தொடங்கியது. மல்லர்கம்பம் கற்பித்த அதன் ஆசிரியர் உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அது வியாபாரம் அல்ல, பொதுத்தொண்டு நிறுவனம். ஆகையால் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் எத்தனையோ ஜிம்கள் முளைத்த இந்த நகரத்தில் அது நூறு வருடம் நின்றிருக்கிறது. கற்றுக்கொடுப்பவரைத் தேடிப் பிள்ளைகள் வருகிறார்கள். இயந்திரத்தைத் தேடி அல்ல.

இதைவிடக் கசப்பான போட்டி ஒன்று உண்டு. உங்களிடம் பயிற்சியாளராக இருந்தவனே முப்பது பேரை அழைத்துக்கொண்டுபோய் அடுத்த தெருவில் ஜிம் திறப்பது. துரோகம் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு நாள்தோறும் உங்கள் கல்லாவைப் பார்த்துக்கொண்டு நின்றவன் அவன். அந்த முப்பது பேரின் பெயரும், முழங்கால் வலியும் அவனுக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது. புதிதாக வைக்கும் பயிற்சியாளருக்குச் சம்பளத்தோடு, அவன் பொறுப்பில் தொடர்ந்து வருகிறவர்களின் கட்டணத்தில் ஒரு பங்கும் கொடுத்துப் பாருங்கள். போனவனைக் குறித்து ஆராதனை முடிந்த வாசலிலே பேச வேண்டாம்.

அக்கம்பக்கத்துச் சிறிய ஜிம்காரரோடு பேச்சுவார்த்தை நல்லதே. பழுது பார்க்கிறவரைப் பகிர்ந்துகொள்ளலாம், இயந்திரம் கைமாற்றிக்கொள்ளலாம். எல்லாரும் கூடி ஒரே விலை என்று முடிவு செய்வது மட்டும் ஆகாது. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அதைத் தடுக்கிறது. இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். வருட வரவு 20 லட்சத்துக்குக் கீழிருந்தால் ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை. நம்மில் அநேகர் அந்த வரம்புக்குள்தான். பெரிய ஜிம்கள் 18 சதவீதம் வசூலிக்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாயிற்று. விலையில் உங்களுக்கிருந்த சாதகம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. விலையை மட்டுமே நம்ப வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெருக்கம் வரும்போது சிலர் புரோட்டீன் டப்பா விற்று ஈடுகட்டப் பார்க்கிறார்கள். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். இருந்தாலும், யார் விற்றது என்ற பில் இல்லாமல் வாங்காதீர்கள். சீக்கிரம் உடம்பு ஏற வேண்டும் என்று ஊசி கேட்கிற பையன்களும் வருவார்கள். அவை மருத்துவர் சீட்டு இன்றி விற்கக்கூடாத மருந்துகள். எதிர் ஜிம்மில் கிடைக்கிறதாம் அண்ணா என்பான். போகட்டும், அந்த ஒருவனை இழந்துவிடுங்கள்.

ஈசாக்கு தோண்டிய துரவுகளைக் காட்டி, சண்டையென்றால் ஒதுங்கிப் போய்விடு என்று மட்டும் பிரசங்கிக்கிறோம். ஒதுங்கிய ஒவ்வொரு இடத்திலும் அவன் மறுபடி தோண்டினான் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. தோண்டுவது உங்களுக்கு எது? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வருகிறவர்களின் பெயருக்கு நேரே நாள்தோறும் குறியிடுங்கள். பத்து நாளாகக் குறி விழாத பெயர்களை ஒவ்வொரு சனிக்கிழமையும் தனியே எழுதி, அன்று மாலையே ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழையுங்கள். கட்டணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். உடம்புக்கு என்ன என்று கேளுங்கள். புதிய பலகை எழுதுவதை அந்த நோட்டு மூன்று மாதம் நிறைந்த பிறகு யோசிக்கலாம்.