முப்பது நாளுக்குள் ஒரு கண் பரிசோதனை

குறைமாதத்தில் பிறந்த குழந்தை மருத்துவமனையிலிருந்து வீடு வந்து சேர்ந்ததும், கண்டம் நீங்கியது என்று பெரியவர்களாகிய நாம் ஆறுதல் கொள்கிறோம். குலதெய்வத்திற்கு முடிந்துவைத்த காணிக்கையைச் செலுத்த நாள் பார்க்கிறோம். கூடவே, ‘முப்பது நாள் கழியும் முன் குழந்தை வாசற்படி தாண்டக் கூடாது’ என்ற கட்டளையும் பெரும்பாலும் நம்மிடமிருந்தே பிறக்கிறது.

கூட்டத்திலிருந்தும் தொற்றிலிருந்தும் சிசுவைக் காக்க முன்னோர் இட்ட வேலி அது. அதனை நான் குறை கூற மாட்டேன். ஆனால் 34 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைவான எடையுடன் பிறந்த குழந்தைக்கும் அந்த வேலியில் ஒரு வாயில் திறந்தே ஆக வேண்டும். பிறந்த 30 நாளுக்குள் அதன் விழித்திரையைக் கண் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். 28 வாரத்திற்கு முன் பிறந்திருந்தால் இரண்டு, மூன்று வாரங்களிலேயே பார்த்துவிட வேண்டும்.

விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவின் இறுதி மாதங்களில்தான் முழுமை பெறுகின்றன. குழந்தை முந்திப் பிறந்தால் அவை தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடக்கூடும். வெளியே கண்ணில் சிவப்பு இராது, நீர் வடியாது. பாட்டியின் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். உரிய வேளையில் கண்டறிந்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். சில வாரங்கள் கடந்துவிட்டால் இழந்த பார்வையை மீட்பது அரிது. ஒருமுறை பார்த்ததோடு நின்றுவிடாமல், போதும் என்று மருத்துவரே கூறும் வரை செல்ல வேண்டும்.

வங்கியில் தேதிகளோடு வாழ்ந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இக்குழந்தைக்கு இரண்டு தேதிகள் உண்டு: பிறந்த தேதி, பிறக்க வேண்டியிருந்த தேதி. தடுப்பூசிக்கு முன்னது கணக்கு. குப்புற விழுதல், தவழ்தல் போன்றவற்றுக்கு இரண்டு வயது வரை பின்னதே கணக்கு. எட்டு வாரம் முந்திப் பிறந்த ஆறு மாதக் குழந்தையை நான்கு மாதக் குழந்தையாகவே காண வேண்டும். ‘பக்கத்து வீட்டுக் குழந்தை உட்கார்ந்துவிட்டதே’ என்று மருமகளிடம் கூறுவதைத் தவிர்க்கலாம்.

மூக்கில் எண்ணெய் விடுவதும் சாம்பிராணிப் புகை காட்டுவதும் முதிராத நுரையீரலுக்குத் தீங்கு. புகை பூஜை அறையோடு நிற்கட்டும். அதற்கு மாறாக, குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வெதுவெதுப்பாக வைத்திருக்கலாம். 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத நிலையில் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கிய முறை இது. தாய் களைத்திருக்கும் வேளையில் தந்தை செய்யலாம், தாத்தாவும் செய்யலாம்.

செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. குழந்தைகளுக்காக 2013 முதல் நடைபெறும் அரசுத் திட்டத்தின்கீழ், மாவட்ட அளவில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்கள் கண், காது, வளர்ச்சி ஆகியவற்றைக் கட்டணமின்றிக் கவனிக்கின்றன. அரசு மருத்துவமனையில் விசாரித்தால் வழி கூறுவார்கள். செல்லும்போது டிஸ்சார்ஜ் அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, எடை என்ன என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.