தள்ளுபடியும் தட்டுப்பாடும்

சனவரித் திங்கள் முடியும் தறுவாயில் தில்லியின் கரோல்பாக், சரோஜினி நகர் கடைத்தெருக்களில் கம்பளி ஆடைகளின் விலை இறங்கத் தொடங்கும். குளிர் முற்றிலும் நீங்கியிராது. ஆயினும் அடுத்த நவம்பர் வரை அவற்றை அடுக்கி வைப்பதைவிடக் குறைந்த விலைக்கேனும் விற்றுப் பணமாக்குவதே வணிகருக்கு நன்று. தமிழ்நாட்டில் ஆடித் தள்ளுபடி பிறந்ததும் இவ்வாறுதான். திருமணங்கள் நடைபெறாத அம்மாதத்தில் துணிக்கடைகளில் வாணிகம் மந்தமாகும். தேங்கிய சரக்கை விற்றால்தான் தீபாவளிக்குப் புதியது வாங்க இயலும்.

பொருளாதாரம் நலிந்த காலத்திலும் தள்ளுபடிக் கடைகளில் கூட்டம் அலைமோதுவதைக் கண்டு, "பணமில்லை என்பதெல்லாம் பொய்யோ?" என எள்ளுவோர் உண்டு. அவ்வெள்ளல் பொருந்தாது. கையில் பணம் குறைந்தவருக்கே நூறு ரூபாய் மிச்சம் பெரிது. தென்னாட்டிலிருந்து பணிமாற்றம் பெற்று வடக்கே வந்த குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அண்ணன் அணிந்த பழைய கம்பளிச்சட்டை தம்பிக்குக் கிடைக்கும் வாய்ப்பு அவ்வீட்டில் இல்லை. முதல் குளிரைப் போர்வையும் பொறுமையுமாகக் கழித்துவிட்டு, பிப்ரவரியில் பிள்ளைகளுக்கு ஓர் அளவு பெரியதாகத் தேடி வாங்கிப் பெட்டியில் வைக்கும் தாயின் செயல் பேராசை அன்று, கணக்கு.

2020ஆம் ஆண்டு இதற்குத் தக்க சான்று. மார்ச்சு 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் முதல் சூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 விழுக்காடு சுருங்கியதாக அரசு அறிவித்தது. பலர் வேலை இழந்தனர். பலருக்கு ஊதியம் குறைந்தது. இருந்தும் அக்டோபரில் இணைய வணிகத் தளங்களின் பண்டிகைக்காலத் தள்ளுபடி விற்பனை களைகட்டியது. வகுப்புகள் கைப்பேசிக்குள் புகுந்துவிட்ட ஆண்டு அது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரே கைப்பேசி என்ற நிலையில், விலை இறங்கும் நாளுக்காகக் காத்திருந்து வாங்கிய பெற்றோரை ஊதாரிகள் என்பது எவ்வாறு தகும்?

ஆனால், வாங்குவோரின் இந்த நெருக்கடியை விற்போர் சிலர் நன்கு அறிவர். குறை சொல்ல வேண்டிய இடம் அதுவே. "50 விழுக்காடு தள்ளுபடி, அதன்மேல் 20 விழுக்காடு" என்ற பலகையைக் கண்டதும் மனம் 70 என்று கூட்டிவிடுகிறது. ஆயிரம் ரூபாய்ப் பொருள் முதலில் 500 ஆகும். அந்த 500இல் 20 விழுக்காடு கழிந்தால் 400. ஆகக் கிடைத்தது 60 விழுக்காடே. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதும் மூன்றில் ஒரு பங்குத் தள்ளுபடிதான். அதைப் பெற மூன்று சட்டைகள் தேவைப்பட வேண்டும்! உறையில் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலையும், அதற்குமேல் விற்கலாகாது என்னும் உச்சவரம்பேயன்றி, பொருளின் உண்மை மதிப்பு அன்று. அதை உயர்த்தி அச்சிட்டுப் பிறகு அடித்துக் காட்டுவதில் என்ன வள்ளன்மை இருக்கிறது?

இணையத்தில் இது இன்னும் நுட்பமானது. "இன்னும் இரண்டே உள்ளன", "பத்து நிமிடங்களில் முடிகிறது" என்ற அறிவிப்புகள் சிந்திக்க நேரம் தருவதில்லை. பொய்யான அவசரத்தை உண்டாக்குதல் உள்ளிட்ட 13 வகை ஏமாற்று உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடை செய்தது. வட்டியில்லாத் தவணை என்று ஒன்று இல்லை என இந்திய ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியது. வட்டி வேறு பெயரில் விலைக்குள் ஒளிந்திருக்கும். ஊதியம் உறுதியில்லாத ஆண்டில் பன்னிரண்டு மாதத் தவணையில் பெரிய தொலைக்காட்சி வாங்கிய வீட்டில், நான்காம் மாதம் பால் கணக்கில் கை வைக்க நேரிடும். தள்ளுபடியில் மிஞ்சிய தொகை அப்போது எவருக்கும் நினைவில் இராது.

கரோல்பாக் நடைபாதை வணிகரிடம் இத்தகைய உத்தி குறைவு. அவர் ஒரு விலை சொல்வார். வாங்குபவர் பாதி கேட்பார். இடையில் எங்கோ இருவரும் உடன்படுவர். நாளை வரை யோசித்து வந்தாலும் பெரும்பாலும் அதே விலைக்குக் கொடுப்பார். மார்ச்சு பிறந்ததும் எஞ்சிய கம்பளிகளை மூட்டை கட்டி ஏற்றிவிட்டு, அதே இடத்தில் பருத்திச் சட்டைகளை விரித்து வைத்திருப்பார்.