பூச்சி கடித்த கொழுந்து
தைவான் போகிறவர்களில் பலர் 508 மீட்டர் உயர 'தைபே 101' கோபுரத்தில் படமெடுத்து, விமான நிலையத்தில் அன்னாசி கேக் வாங்கித் திரும்பிவிடுகிறார்கள். அது பாதிப் பயணம்தான்.

மீதி தேயிலை மலைகளில் இருக்கிறது. தைபே விலங்குக்காட்சிசாலைப் பக்கத்திலிருந்து கேபிள் காரில் ஏறினால் மாவ்கொங். அங்கே சின்னஞ்சிறு குவளையில் ஊலாங் தேநீர் அருந்தியபடி நகரைப் பார்க்கலாம். அதைவிடச் சுவையான கதை சின்சூ மாவட்டத்துப் பெய்பூவில். கோடையில் குட்டித் தத்துப்பூச்சிகள் கொழுந்தைக் கடித்துச் சாறு உறிஞ்சுகின்றன. அதை எதிர்க்கச் செடி சுரக்கும் பொருள்களே 'ஓரியன்டல் பியூட்டி' தேநீருக்குத் தேன்மணம் தருகின்றன. பூச்சி வேண்டும் என்பதால் அப்போது பூச்சிமருந்து தெளிப்பதில்லை. விலை அதிகம், ஆனாலும் கொடுத்து வாங்கத் தகுந்தது.

தைவானில் 1980களில் பிறந்த பபிள் டீயின் அடியில் கிடக்கும் கருமணிகள் மரவள்ளி மாவுதான், நம் ஜவ்வரிசிக்கு உறவு.

சைவ உணவுக்காரர்கள் தயங்க வேண்டாம். பௌத்த மரபால் அங்கே சைவ உணவகங்கள் ஏராளம். பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. ஷிலின் போன்ற இரவுச் சந்தைகளில் மட்டும், என்ன கலந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.