திறப்பு யாரிடம்?

கனன் 2006இல் வெளியிட்ட ஜி7 சிறு கமராவில் ரோ கோப்பு வசதியை நீக்கியது. 2007இல் ஜி9இல் மீண்டும் சேர்த்தது. வசதி இருந்தால் மட்டும் போதுமா? சென்சர் பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் அக்கோப்பைப் படமாக்க, அந்த மொடலை அறிந்த மென்பொருள் வேண்டும். புதிய மொடல் வந்ததும் பழைய மென்பொருள் கைவிரித்துவிடும்.

இதற்கென அடோபி 2004இலேயே டிஎன்ஜி என்னும் பொது வடிவத்தை அறிவித்தது. ரிக்கோ மறு ஆண்டே தனது ஜிஆர் டிஜிற்றலில் அதை ஏற்றது. கனனும் நிக்கனும் இன்றுவரை தத்தம் வடிவங்களை விடவில்லை.

பழைய நெகற்றிவ்வை வெளிச்சத்தில் பிடித்தால் எவரும் பார்க்கலாம். பத்திரிகை ஆவணக் காப்பகங்களின் உயிர் அதில்தான் இருந்தது. படம் எடுத்தவர் நாம்; திறப்பு மட்டும் கம்பனியிடமா? விலை சற்றுக் கூடினாலும், டிஎன்ஜியில் பதியும் கமராவையே நான் இனி வாங்குவேன்.