மாலையில் ஒரு மணி நேரம்



திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்வோர்க்குப் பெருமுக்கல் மலை தொலைவிலேயே தென்படும். அதைக் கடந்து கிழக்கே செல்லச் செல்ல, வயல்கள் குறைந்து உப்பளங்கள் விரியும். இத்தகைய ஊர்களில், முகம் அறியாத அன்பர் ஒருவர் அனுப்பும் உதவித்தொகையால் படிக்கும் பிள்ளைகள் உண்டு. அப்பிள்ளைகளின் அன்றாட வாழ்வை உதவுவோரும் நாமும் சற்று எண்ணிப் பார்த்தல் நலம்.

உப்பளத் தொழிலாளர், வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டி, விடியுமுன்னரே வீட்டை விட்டுப் புறப்படுவர். எனவே பல வீடுகளில் மூத்த பிள்ளையே தண்ணீர் பிடித்து, தம்பி தங்கையரைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றது. பள்ளியில் 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு உண்டு. 2022-இல் தொடங்கிய திட்டத்தால் தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் உண்டு. பாடநூலும் சீருடையும் அரசே தருகின்றது. விடுதிச் செலவு, மேற்படிப்பு முதலியவற்றை உதவித்தொகை தாங்குகின்றது. குறை தொடங்குவது மாலையில்தான். உழைத்துக் களைத்த பெற்றோர்க்குப் பாடம் சொல்லித்தர வலுவில்லை. பலருக்கு எழுத்தறிவும் இல்லை. நேற்றுப் புரியாத கணக்கு, இன்றும் புரியாத கணக்காகவே பள்ளிக்குத் திரும்புகின்றது.

மற்றொன்றும் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்புப் பாத்திகள் நீரில் மூழ்கும், கூலி நின்றுவிடும். அரையாண்டுத் தேர்வு வருவதோ டிசம்பரில். "இவனை வேலைக்கு அனுப்பினால் என்ன?" என்னும் எண்ணம் பெற்றோர் உள்ளத்தில் எழுவது இம்மாதங்களிலேயே. கல்வியாண்டின் தொடக்கத்தில் வந்த உதவித்தொகை அதற்குள் செலவாகிப் போயிருக்கும்.

கொரோனாக் கொள்ளைநோயால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் திறந்தன. அதற்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 27 அன்று, 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்த இடம் நம் மரக்காணம் வட்டாரத்து முதலியார்குப்பமே. மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், ஏறத்தாழ 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். அவருக்கு மாத ஊக்கத்தொகை ரூ. 1,000 என்று வகுத்தனர். தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருத்தலே போதுமானதாக இருந்தது. அதாவது, அதே தெருவில் பள்ளிப் படிப்பை முடித்த அக்காள் ஒருத்தியே ஆசிரியை ஆக முடிந்தது.

இவ்வழி நமக்குப் புதிதன்று. பழைய திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்குக் கற்பித்தான். அவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தில் பொறுப்பேற்ற ஆங்கிலிக்கன் குரு ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். பிள்ளைக்குப் பிள்ளையே கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் வளர்த்தார். 1797-இல் இலண்டனில் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தது.

நம் திருச்சபையிலும் சான்று உண்டு. 1954-இல் இத்தாலி நாட்டின் மலைச் சிற்றூரான பார்பியானாவுக்குப் பங்குக் குருவாக அனுப்பப்பட்டவர் லொரென்சோ மிலானி. பள்ளி கைவிட்ட குடியானவர் பிள்ளைகளைக் கூட்டித் தம் இல்லத்திலேயே பாடம் நடத்தினார். அங்கே பெரியவன் சிறியவனுக்கு ஆசிரியன். பின்தங்கியவனுக்கே முதல் கவனிப்பு. 1967-இல் அம்மாணவர் எண்மர் சேர்ந்து எழுதிய நூல், ஏழைகளை வெளியே தள்ளும் கல்விமுறையை உலகறியக் கேள்வி கேட்டது. அவ்வாண்டே மிலானி இறந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017-இல், திருத்தந்தை பிரான்சிஸ் அவரது கல்லறைக்குச் சென்று செபித்தார்.

உதவி பெறும் பிள்ளை ஆண்டுதோறும் நன்றிக் கடிதம் எழுதுகின்றது, நல்லதே. ஆனால் பெற்றுக்கொண்டே வளரும் பிள்ளையின் தலை, தன்னையறியாமல் தாழ்ந்துபோகவும் கூடும். தானும் ஒருவருக்குக் கொடுக்கும் நாளில் அது நிமிரும். ஐந்து அப்பங்களையும் இரு மீன்களையும் வைத்திருந்தவன் ஒரு சிறுவன் என்று யோவான் நற்செய்தி மட்டுமே குறிப்பிடுகின்றது. அவை வாற்கோதுமை அப்பங்கள், ஏழையின் உணவு. ஆண்டவர் அச்சிறுவனின் கையில் இருந்ததைச் சிறிதென்று தள்ளவில்லை. ஐயாயிரம் பேரின் விருந்தை அதிலிருந்தே தொடங்கினார்.

ஆகவே, உதவும் அன்பர்களே! உங்கள் தொகையில் ஒரு பகுதியேனும் மழைக்காலம் தொடங்கும் அக்டோபரில் சேருமாறு செய்யுங்கள். உதவி பெற்றுக் கல்லூரியில் பயிலும் மாணவச் செல்வங்களே! விடுமுறையில் ஊருக்கு வரும்போது, சாதி மதம் பாராமல் ஐந்து பிள்ளைகளையேனும் சேர்த்து, மாலையில் ஒரு மணி நேரம் வாசிக்கவும் கணக்குப் போடவும் செய்யுங்கள். பங்கு மக்களே! திருப்பலி இல்லாத மாலைகளிலும் கோவில் மண்டபத்தின் கதவு திறந்திருக்கட்டும், விளக்கு எரியட்டும்.

அடுத்த ஆண்டு நன்றிக் கடிதத்தில், "தங்கள் உதவியால் படித்தேன்" என்னும் வரிக்குக் கீழே, "நான் ஒரு சிறுமிக்கு வாசிக்கக் கற்றுக் கொடுத்தேன்" என்று இன்னொரு வரியும் இருக்குமானால், கொடுத்தவர்க்கு அதனினும் சிறந்த கைம்மாறு வேறில்லை.